ஸ்பானிஷ் ரேடியோ கூப்பிட்டா லத்தீனோக்கள் ஓட்டுப் போட வந்துடுவாங்களா?

கேட்ட கேள்வி இது தான்: "அமெரிக்காவுல யூனிவிஷன், டெலிமுண்டோன்னு இவ்ளோ பெரிய ஸ்பானிஷ் சேனல் எல்லாம் இருக்கு, லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி ஆளுங்க) கைல கோடிக்கணக்குல ஓட்டு இருக்கு, ட்ரம்ப் அவங்களை அவ்ளோ திட்டியும் 2024ல அவருக்கே கிட்டத்தட்ட பாதி ஓட்டு போயிருக்கு. அப்போ அந்த மீடியா எல்லாம் என்ன தான் பண்ணுது? நம்ம ஊர் கட்சி டிவி மாதிரி அவங்களால ஆளைத் திரட்ட முடியாதா?"

சுருக்கமா சொன்னா, ஆளை வீட்டை விட்டு வெளிய கொண்டு வர அவங்களால முடியும், அதை பல தடவை பண்ணிக் காட்டியிருக்காங்க, ஆனா வெளிய வந்த ஆளு எந்தப் பேருக்கு நேரா குறி போடணும்னு சொல்ல முடியாது, சொன்னாலும் யாரும் கேக்கறது இல்ல. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு தான் அமெரிக்கக் கட்சிக்காரங்களே ஏமாந்தாங்க. முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், யூனிவிஷன் எந்தக் கட்சிக்கும் சொந்தம் கிடையாது, அது விளம்பரத்துல சம்பாதிக்கிற கம்பெனி, அவ்ளோ தான். சமூகத்துக்காக அவங்க பண்ண நல்லதுலயும் அந்தக் கணக்கு இருக்கும், கடைசில சறுக்கினதுலயும் அதே கணக்கு தான்.

2006ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா அது நான் பக்கத்துல இருந்து பார்த்தது. 2005 டிசம்பர்ல அமெரிக்க கீழ்சபைல எச்.ஆர். 4437னு ஒரு மசோதா பாஸ் ஆச்சு, விஸ்கான்சின் எம்.பி. ஜிம் சென்சென்பிரென்னர் கொண்டு வந்தது. பேப்பர், அதாவது குடியேற்ற ஆவணம், இல்லாம நாட்டுக்குள்ள இருக்கறதையே கிரிமினல் குற்றம் ஆக்கற சட்டம் அது, அவங்களுக்கு உதவி பண்றவங்க மேலயும் கேஸ் போடலாம்னு இருந்துச்சு. இதை எதிர்த்து ஊர்வலம் போகணும்னு லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்த சங்கத்துக்காரங்க முடிவு பண்ணிட்டு எங்க போனாங்கன்னா, நியூஸ்பேப்பர் ஆபீஸுக்கு இல்ல, காலைல ரேடியோவுல காமெடி பண்ற டிஜேக்கள் கிட்ட போனாங்க. எட்டி சோட்டேலோ, எல்லாருக்கும் 'பியோலின்'னா தான் தெரியும், 'எல் குகூய்'னு ரெனான் அல்மெண்டாரெஸ் கோயெல்லோ, 'எல் மாண்ட்ரில்'னு ரிக்கார்டோ சான்செஸ். மூணு பேரும் மூணு போட்டி ஸ்டேஷன், ஒரே நேரத்துல ஷோ பண்றவங்க, ஒருத்தர் கேட்கறவங்களை இன்னொருத்தர் இழுக்கறது தான் பிழைப்பே. அப்படிப்பட்டவங்க ஒண்ணு சேர்ந்து ஒரே தேதியை, ஒரே இடத்தை சொல்ல ஆரம்பிச்சாங்க.

என்ன சொன்னாங்கங்கறது தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. 'போராடுவோம், எழுச்சி கொள்வோம்'னு எல்லாம் இல்ல. வெள்ளை சட்டை போட்டுட்டு வாங்க, உங்க ஊர்க் கொடியை வச்சுட்டு அமெரிக்கக் கொடியை எடுத்துட்டு வாங்க, குழந்தைங்களைக் கூட்டிட்டு வாங்க, குப்பை அள்ள ஒரு பை கொண்டு வாங்க, வம்புக்கு யாராவது இழுத்தா ஒதுங்கிப் போயிடுங்க. இவ்ளோ தான், கல்யாணத்துக்கு கூப்பிடற மாதிரி. அதுவும் யார் சொல்றா? பியோலின் தானே 16 வயசுல பேப்பர் இல்லாம எல்லை தாண்டி வந்தவர், அந்தக் கதையை ரேடியோவுலயே சொல்லியிருக்கார், அதனால 'பயப்படாம வாங்க'ன்னு அவர் சொன்னா அதுக்கு ஒரு எடை இருந்துச்சு. மார்ச் 25ஆம் தேதி வந்த கூட்டம் போலீஸ் கணக்குப்படியே 5 லட்சம்.

நான் அப்போ லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வேலை பார்த்துட்டு இருந்தேன். திங்கள்கிழமை ஆபீஸ்ல எல்லாரும் 'இவ்ளோ பேர் திடீர்னு எங்க இருந்து வந்தாங்க, டிவில ஒரு வார்த்தை வரலையே'ன்னு பேசிக்கிட்டாங்க. எங்க பில்டிங்குக்கு ராத்திரி கூட்டிப் பெருக்க வர்ற அம்மா காதுல எப்பவும் ஒரு சின்ன ரேடியோ மாட்டியிருக்கும், அவங்க அதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமையே எனக்கு அரைகுறை ஸ்பானிஷ்ல புரியற மாதிரி 'நாளைக்கு வெள்ளை சட்டை'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒரே ஊரு, ஒரே பில்டிங், ஆனா நியூஸ் ரெண்டு தனித்தனி குழாய்ல வந்துட்டு இருந்துச்சு. இங்கிலீஷ் மட்டும் பார்க்கறவனுக்கு அது 'திடீர்', அந்த அம்மாவுக்கு அது ரெண்டு வாரமா தெரிஞ்ச விஷயம்.

அந்த ஊர்வலங்கள்ல எங்கயும் கேட்ட கோஷம் 'இன்னிக்கு நடக்கறோம், நாளைக்கு ஓட்டுப் போடறோம்'. இதுல 'நாளைக்கு'ங்கற வார்த்தைல தான் பிரச்சினை மொத்தமும் இருக்கு. நடந்தவங்கள்ல நிறைய பேருக்கு ஓட்டே கிடையாது. சிலருக்கு பேப்பர் இல்ல, சிலர்கிட்ட கிரீன் கார்டு இருக்கு ஆனா சிட்டிசன் ஆகல, சிலர் சிட்டிசன் ஆனா வாக்காளர் பட்டியல்ல பேர் பதியல (அப்போ அங்க நாமளே போய் பதியணும், வீடு தேடி வந்து எழுதிக்க மாட்டாங்க), சிலர் பதிஞ்சும் போனதில்ல. ஒவ்வொரு படிலயும் ஆளு சிந்திக்கிட்டே வருவாங்க. இதை மீடியாவுல சரியா புரிஞ்சுக்கிட்டு பண்ண ஒரே பெரிய வேலைன்னா 2007ல வந்த 'யா எஸ் ஓரா', அதாவது 'நேரம் வந்தாச்சு'ங்கற பிரச்சாரம். யூனிவிஷன், லா ஒபினியோன் நியூஸ்பேப்பரை நடத்தற இம்ப்ரெமீடியா, லத்தீனோ மக்கள் பிரதிநிதிகள் அமைப்பான நலேயோ, எஸ்.இ.ஐ.யு. தொழிற்சங்கம், மி ஃபமிலியா வோட்டாங்கற வாக்காளர் அமைப்பு, எல்லாரும் சேர்ந்தது. டிவில சும்மா 'சிட்டிசன் ஆகுங்க'ன்னு மட்டும் சொல்லாம எந்த ஃபாரம், எவ்ளோ ஃபீஸ், என்ன கேள்வி கேப்பாங்க, உங்க ஊர்ல எந்த ஸ்கூல்ல சனிக்கிழமை வக்கீல் உட்கார்ந்து ஃபாரம் பூர்த்தி பண்ணித் தர்றாங்கங்கற வரைக்கும் சொன்னாங்க. அந்த வருஷம் ஜூலை கடைசில அப்ளிகேஷன் ஃபீஸ் 400 டாலர்ல இருந்து 675 டாலரா ஏறப்போகுதுன்னு வேற இருந்துச்சு, அதையும் டிவில சொல்லிச் சொல்லி 'அதுக்குள்ள போட்டுடுங்க'ன்னு விரட்டினாங்க. 2007 நிதியாண்டுல சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் சுமார் 14 லட்சம், 2008ல 10 லட்சத்துக்கும் மேல பேர் சிட்டிசன் ஆனாங்க, அதுவரைக்கும் ஒரே வருஷத்துல அவ்ளோ பேர் ஆனதில்ல. எல்லாமே டிவியால வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன், ஃபீஸ் ஏறினதும் பயமும் பாதி காரணம், ஆனா அந்தப் பயத்தை ஒரு ஃபாரமா மாத்தி கைல கொடுத்தது அந்தப் பிரச்சாரம் தான்.

இப்போ கொஞ்சம் பின்னாடி போகணும், ஏன்னா 'லத்தீனோ'ன்னு நாம சொல்றதே பழைய அடையாளம் இல்ல. 1960கள்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல, டெக்சாஸ்ல இருந்தவங்க தங்களை மெக்சிகன் அமெரிக்கன், இல்ல சிகானோன்னு சொல்லிக்கிட்டாங்க, நியூயார்க்ல இருந்தவங்க போர்ட்டோ ரிக்கன் (அவங்க 1917ல இருந்தே அமெரிக்க சிட்டிசன், இமிக்ரேஷன் பிரச்சினையே அவங்களுக்குக் கிடையாது), மயாமில இருந்தவங்க காஸ்ட்ரோவுக்கு பயந்து ஓடி வந்த கியூபன். மூணு பேருக்கும் பொதுவா இருந்தது மொழி மட்டும், அதுலயும் ஒருத்தர் பேசற விதத்தை இன்னொருத்தர் கிண்டல் பண்ணுவாங்க. 1970 சென்சஸ்ல ஒரு சாம்பிளுக்கு மட்டும் 'நீங்க ஸ்பானிஷ் வம்சாவளியா'ன்னு கேட்டாங்க, அதுல 'மத்திய அல்லது தென் அமெரிக்கன்'னு ஒரு கட்டம் இருந்துச்சு, அமெரிக்காவோட நடுப்பகுதிலயும் தெற்குலயும் இருந்த லட்சக்கணக்கான சாதாரண ஆளுங்க 'ஆமா நாங்க மத்திய அமெரிக்கா தானே, தென் அமெரிக்கா தானே'ன்னு அதுல டிக் பண்ணி வச்சிருந்தாங்க. சிரிக்காதீங்க, உண்மை. 1980ல தான் எல்லா வீட்டுக்கும் போற ஃபாரம்ல 'ஹிஸ்பானிக்'ங்கற (கிட்டத்தட்ட லத்தீனோன்னே வச்சுக்கலாம்) கேள்வி வந்துச்சு.

அந்தக் கட்டத்துல டிக் பண்ணச் சொல்லி மக்களுக்கு சொல்லிக் கொடுத்தது யாருன்னா ஸ்பானிஷ் டிவி. இன்னிக்கு யூனிவிஷன்னு சொல்றதோட பழைய பேரு ஸ்பானிஷ் இன்டர்நேஷனல் நெட்வொர்க், சான் அன்டோனியோலயும் லாஸ் ஏஞ்சல்ஸ்லயும் 1960களோட ஆரம்பத்துல தொடங்கினது, மெக்சிகோ டிவி கம்பெனியோட சீரியல்களை இங்க ஓட்டறது தான் அவங்க தொழில். 1976ல சாட்டிலைட் வந்ததும் ஒரே நிகழ்ச்சியை மயாமி, நியூயார்க், டெக்சாஸ் எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல காட்ட முடிஞ்சுது. இப்போ விளம்பரம் கொடுக்கற சோப்பு கம்பெனிகிட்ட போய் 'உங்களுக்கு கொஞ்சம் மெக்சிகன், கொஞ்சம் கியூபன் தர்றோம்'னு சொன்னா காசு வராது, 'ஒரே மார்க்கெட், ஹிஸ்பானிக் மார்க்கெட், இத்தனை கோடி பேர்'னு சொன்னா தான் வரும். அரசாங்கத்துக்கு எண்ணிக்கை வேணும், சமூகத் தலைவர்களுக்கு வாஷிங்டன்ல பேச ஒரு பெரிய நம்பர் வேணும், டிவிக்கு மார்க்கெட் வேணும். மூணு பேரோட தேவையும் ஒரே வார்த்தைல வந்து சேர்ந்துச்சு. அதனால அது பொய்யான அடையாளம்னு அர்த்தம் இல்ல. இன்னிக்கு அது உண்மை தான், பசங்க அதுலயே பிறந்து வளர்ந்துட்டாங்க. ஆனா அது மேல் சட்டை மாதிரி, உள்ள மெக்சிகன், கியூபன், கொலம்பியன்னு இன்னொரு சட்டை இருக்கு. பியூ ஆய்வு மையம் 2019ல எடுத்த சர்வேல கூட கிட்டத்தட்ட பாதி பேர் தங்களைப் பத்தி சொல்லும்போது முதல்ல சொந்த நாட்டுப் பேரைத் தான் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க. 'லத்தீனெக்ஸ்'னு படிச்சவங்க கண்டுபிடிச்ச வார்த்தையை 2020ல 3 சதவீதம் பேர் தான் பயன்படுத்தினாங்க, அந்த வார்த்தையை வச்சு ஓட்டு கேட்டவங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

சரி, இந்த மேல் சட்டை எப்போ இறுக்கமா ஒட்டும்? யாராவது அதைப் பிடிச்சு இழுக்கும்போது. கலிஃபோர்னியா 1994 தான் இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம். ரிபப்ளிகன் கவர்னர் பீட் வில்சன் மறுபடி ஜெயிக்கறதுக்காக ஒரு டிவி விளம்பரம் விட்டார், எல்லைல ஆளுங்க ஹைவேல தலைதெறிக்க ஓடற கறுப்பு வெள்ளை வீடியோ, பின்னாடி ஒரு குரல் 'அவங்க வந்துட்டே இருக்காங்க'ன்னு. கூடவே மக்களே நேரா ஓட்டுப் போட்டு முடிவு பண்ற 187ஆம் நம்பர் பிரேரணை, பேப்பர் இல்லாதவங்க பிள்ளைங்களுக்கு அரசுப் பள்ளி கிடையாது, அவசரம் இல்லாத வைத்தியம் கிடையாது. 59 சதவீதம் ஓட்டுல பாஸ் ஆச்சு, வில்சனும் ஜெயிச்சார், பிரேரணையை கோர்ட் நிறுத்திடுச்சு. ஆனா அதுக்கப்புறம் அந்த மாநிலத்துல அவர் கட்சி கரைஞ்சே போச்சு. 1996லயே ஆரஞ்ச் கவுண்டில டெமாக்ரட் லொரெட்டா சான்செஸ், ரிபப்ளிகன் எம்.பி. பாப் டோர்னன்ங்கற பழைய புலியை 1000 ஓட்டுக்கும் கம்மியான வித்தியாசத்துல தோற்கடிச்சாங்க. 2005ல அன்டோனியோ வில்லரய்கோசா லாஸ் ஏஞ்சல்ஸ் மேயர் ஆனார், 1872க்கு அப்புறம் முதல் லத்தீனோ மேயர். இதுல பொதுவா யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. 1986ல ரீகன் கையெழுத்து போட்ட பொதுமன்னிப்புச் சட்டத்துல 27 லட்சம் பேர் வரைக்கும் பேப்பர் வாங்கினாங்க, அவங்க சிட்டிசன் ஆகறதுக்கு காத்திருக்க வேண்டிய காலம் சரியா தொண்ணூறுகளோட நடுவுல தான் முடிஞ்சுது. கோபம் வந்த நேரமும் தகுதி வந்த நேரமும் ஒண்ணா அமைஞ்சுது, இது எல்லா தடவையும் நடக்காது.

அதே மாதிரி கோபமும் மீடியாவும் மட்டும் இருந்து ஓட்டு இல்லாம போன காலமும் உண்டு. 1970 ஆகஸ்ட் 29, கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ்ல வியட்நாம் போருக்கு எதிரான சிகானோ ஊர்வலம், கே.எம்.இ.எக்ஸ்.ங்கற ஸ்பானிஷ் டிவியோட நியூஸ் டைரக்டர் ரூபென் சலாசார் ஒரு பார்ல உட்கார்ந்திருந்தப்போ ஷெரிஃப் ஆள் சுட்ட கண்ணீர்ப்புகை குண்டு தலைல பட்டு செத்துப் போனார். ஸ்டேஷனும் ஜனமும் கொதிச்சுது, ஆனா அந்தக் கொதிப்பை ஓட்டுச்சாவடி வரைக்கும் கொண்டு போக அப்போ ஆள் இல்ல. அதைப் பண்ணவர் டெக்சாஸ்காரர் வில்லி வெலாஸ்கெஸ். 1974ல சான் அன்டோனியோல ஒரு வாக்காளர் பதிவு அமைப்பு ஆரம்பிச்சார், 'உன் ஓட்டு தான் உன் குரல்'னு கோஷம். அவர் ஊர் ஊரா போய் இன உணர்வைப் பேசல, 'உங்க தெருவுல மழைத் தண்ணி நிக்குதே, அந்தப் பக்கத்துத் தெருவுல நிக்கலையே, ஏன்'னு கேட்டார். அடுத்த வருஷம் 1975ல வாக்குரிமைச் சட்டத்தை விரிவாக்கி ஸ்பானிஷ்ல வாக்குச்சீட்டு கொடுக்கணும்னு வந்ததும் அவர் வேலை இன்னும் சுலபமாச்சு. 1988ல ரொம்ப சின்ன வயசுலயே போயிட்டார்.

மீடியாவால உண்மைல ஓட்டு கூடுதான்னு ஆராய்ச்சி பண்ணவங்க இருக்காங்க, அது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, ஏன்னா முடிவுகள் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். 2009ல வந்த ஒரு ஆய்வு, ஸ்பானிஷ்ல உள்ளூர் டிவி நியூஸ் ஆரம்பிச்ச ஊர்கள்ல ஹிஸ்பானிக் வாக்குப்பதிவு 5ல இருந்து 10 புள்ளி வரைக்கும் கூடினதா கண்டுபிடிச்சுது. அடேயப்பான்னு இருக்கும். ஆனா பத்து வருஷம் கழிச்சு 2019ல இன்னொரு ஆய்வு, ஸ்டேஷன் சிக்னல் எட்டற எல்லைக்கு கொஞ்சம் உள்ள இருக்கறவங்களையும் கொஞ்சம் வெளிய இருக்கறவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஸ்பானிஷ் டிவி கிடைக்கற பக்கம் வாக்குப்பதிவும் அரசியல் ஈடுபாடும் குறைவா இருக்குன்னு சொல்லுது! எது சரி? நான் படிச்ச வரைக்கும் ரெண்டும் சரியா இருக்கலாம்னு தான் தோணுது. முதல் ஆய்வு பார்த்தது உள்ளூர் நியூஸை, ரெண்டாவது பார்த்தது மொத்த டிவியை. மொத்த டிவின்னா என்ன, சாயங்காலம் சீரியல், 2015 வரைக்கும் சனிக்கிழமை மூணு மணி நேரம் 'சாபாடோ ஹிகாண்டே'ங்கற கேளிக்கை ஷோ. இங்கிலீஷ் டிவில தவிர்க்க முடியாம காதுல விழற கொஞ்சநஞ்ச தேர்தல் பேச்சும் அங்க விழாது. ஆறு மணி உள்ளூர் நியூஸ்ல 'நம்ம ஏரியா கவுன்சில் சீட்டுக்கு ரெண்டு பேர் நிக்கறாங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் பதியலாம்'னு சொன்னா ஆள் வருவான், சீரியல்ல வில்லி அழுதா வர மாட்டான். மொழி அடையாளம் ரெண்டுலயும் ஒண்ணு தான், ஆனா பலன் நேர் எதிர்.

2006 தேர்தல்ல கட்சி சார்பில்லாத ஸ்பானிஷ் ரேடியோ விளம்பரத்தை சில தொகுதிகள்ல ஓட்டி, சிலதுல ஓட்டாம விட்டு சோதிச்சதுல லத்தீனோ வாக்குப்பதிவு கூடியிருக்கு. ஆனா 2002ல நலேயோ அமைப்போட சேர்ந்து பண்ண இன்னொரு சோதனைல, ஆளு நேரடியா ஃபோன் பண்ணி பேசினது தான் பலிச்சுது, தபால்ல வந்த நோட்டீஸும் ரெக்கார்ட் பண்ண குரலும் சுத்தமா வேலை செய்யல. ஆக, ரேடியோவுல வர்ற குரல் தெரிஞ்ச ஆளோட குரல் மாதிரி கேக்கணும், மெஷின் மாதிரி கேட்டா முடிஞ்சுது.

கட்சிக்காரங்க இதை எப்படி புரிஞ்சுக்கிட்டாங்கன்னா, ஸ்பானிஷ்ல பேசினா போதும்னு. பல வருஷமா ஸ்பானிஷ் விளம்பரங்கள்ல பார்த்தீங்கன்னா கொள்கை கம்மியா இருக்கும், மரியாச்சிங்கற மெக்சிகன் பாட்டும் பாட்டியம்மாவும் கொடியும் நிறைய இருக்கும், அதே வேட்பாளரோட இங்கிலீஷ் விளம்பரத்துல வரி, வேலைன்னு ஏதாவது சொல்லியிருப்பார். 2007ல மயாமில யூனிவிஷன் நடத்தின டெமாக்ரடிக் விவாதம் இன்னும் தமாஷ். மேடைல நின்னவங்கள்ல பில் ரிச்சர்ட்சனுக்கும் கிறிஸ் டாட்டுக்கும் ஸ்பானிஷ் சரளமா வரும், ஆனா மத்தவங்களுக்கு வராதுங்கறதால எல்லாரும் இங்கிலீஷ்ல தான் பேசணும், மொழிபெயர்ப்பு ஓடும்னு விதி. ஸ்பானிஷ் டிவில முதல் ஜனாதிபதி வேட்பாளர் விவாதம், அதுல ஸ்பானிஷ் தெரிஞ்சவரு ஸ்பானிஷ் பேசக் கூடாது. 2019 விவாதத்துல பீட்டோ ஓ'ரூர்க் முந்திக்கிட்டு ஸ்பானிஷ்ல பொழிஞ்சார், அங்க நின்ன ஒரே லத்தீனோ ஹுலியன் காஸ்ட்ரோவுக்கு ஸ்பானிஷ் சரளமா வராது. அது பெரிய குறையும் இல்ல, ஸ்பானிஷ் பேசினா தான் லத்தீனோன்னு இல்லன்னு 2023 பியூ சர்வேல 78 சதவீதம் பேர் சொல்லியிருக்காங்க.

மீடியா ஓட்டைக் குறைக்கவும் பயன்படும், அதையும் சொல்லணும். 2010 நெவாடா செனட் தேர்தல்ல டெமாக்ரட் ஹாரி ரீடுக்கு எதிரா நின்ன ஷேரன் ஆங்கிள் டார்ச் லைட்டோட வேலி ஓரம் பதுங்கற லத்தீனோ ஆண்களைக் காட்டி விளம்பரம் விட்டாங்க. அதே நேரத்துல ரிபப்ளிகன் பக்கம் இருந்த ஒரு லத்தீனோ குழு ஸ்பானிஷ்ல ஒரு விளம்பரம் தயார் பண்ணுச்சு: 'ஒபாமா இமிக்ரேஷன் சட்டம் கொண்டு வர்றேன்னு சொல்லி ஏமாத்திட்டார், அதனால இந்த நவம்பர்ல ஓட்டே போடாதீங்க'. யூனிவிஷன் அதை ஓட்ட மாட்டோம்னு சொல்லிடுச்சு. கருத்துக்கணிப்பு பெரும்பாலும் ஆங்கிள் முன்னணின்னு சொல்லிட்டு இருக்க, ரீடு ஜெயிச்சார். ஆனா அங்க வேலை செஞ்சது டிவி மட்டும் இல்ல, லாஸ் வேகாஸ் ஹோட்டல்ல படுக்கை மாத்தற, சமையல் பண்ற ஆளுங்களோட குலினரி யூனியன் 226 வீடு வீடா கதவைத் தட்டுச்சு.

இப்போ மயாமிக்கு வாங்க, அங்க போனா தான் நான் முதல்ல சொன்னது புரியும். அதே ஸ்பானிஷ், அதே காலை ரேடியோ, அதே மாதிரி கேட்கறவங்க உயிரா நம்பற குரல், அதே மாதிரி ஒரு பயம், ஆனா பயம் எதிர்ப்பக்கம். ரேடியோ மாம்பிங்கற அந்த ஊர் ஸ்டேஷன்ல பல வருஷமா கேட்ட வார்த்தை 'சோஷலிஸ்மோ'. கியூபாவுல வீட்டையும் கடையையும் விட்டுட்டு வந்தவனுக்கு, அப்புறம் வெனிசுவேலால இருந்து வந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். 2020ல ட்ரம்ப் பக்கம் பைடனை கியூபாவோட காஸ்ட்ரோ, வெனிசுவேலாவோட மதுரோகூட ஒட்டி விளம்பரம் விட்டது அதே நரம்பைத் தான் தட்டுச்சு. 2022ல ரெண்டு டெமாக்ரடிக் பெண்கள், ஸ்டெஃபனி வலென்சியாவும் ஜெஸ் மோரலஸ் ரொக்கெட்டோவும் சேர்ந்து மாம்பியையும் சேர்த்து 18 ஸ்பானிஷ் ஸ்டேஷன்களை 6 கோடி டாலருக்கு வாங்கினாங்க. ஊரே கொந்தளிச்சுது, சில தொகுப்பாளர்கள் விலகிப் போனாங்க. ஸ்டேஷனை வாங்கலாம், கேட்கறவனோட ஞாபகத்தை வாங்க முடியாதுல்ல. 2024ல மயாமி-டேட் கவுண்டி ட்ரம்புக்குப் போச்சு, 1988க்கு அப்புறம் ரிபப்ளிகன் ஜனாதிபதி வேட்பாளர் அங்க ஜெயிச்சது அப்போ தான்.

டெக்சாஸ் எல்லைல இருக்கற ஸ்டார் கவுண்டி இன்னொரு மாதிரி. 100ல 97 பேர் ஹிஸ்பானிக். 2016ல ஹிலாரி 60 புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்ச இடம், 2020ல பைடனுக்கு வெறும் 5 புள்ளி, 2024ல ட்ரம்ப் ஜெயிச்சார், நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு அங்க ரிபப்ளிகன் ஜெயிச்சு. அங்க இருக்கறவங்க குடும்பம் பல தலைமுறையா அதே மண்ணுல இருக்கு, 'நாங்க எல்லையைத் தாண்டல, எல்லை தான் எங்களைத் தாண்டுச்சு'ன்னு சொல்லுவாங்க, 1848 ஒப்பந்தத்துல மெக்சிகோகிட்ட இருந்து நிலம் கைமாறினதைச் சொல்றது அது. எல்லைக் காவல் படை வேலை, எண்ணெய்க் கிணறு வேலை, சர்ச், மளிகை விலை, இது தான் அவங்க வாழ்க்கை. எல்லைல வர்றவனைப் பத்தி ட்ரம்ப் பேசினா 'நம்மளைச் சொல்றான்'னு அவங்களுக்குத் தோணல, 'வேற யாரையோ சொல்றான்'னு தோணுச்சு. 1994 கலிஃபோர்னியாவுல நடந்தது இங்க நடக்காததுக்கு காரணம் இதுல தான் இருக்கு, கலிஃபோர்னியாவுல திட்டு வாங்கினது பக்கத்து வீடு, சில சமயம் சொந்த அம்மா.

யூனிவிஷன் கதையும் மாறிப் போச்சு. 2015 ஜூன்ல ட்ரம்ப் மெக்சிகோக்காரங்களைப் பத்தி பேசினதும் அவரோட அழகிப் போட்டி ஒளிபரப்பை ரத்து பண்ண சேனல் அது, அவர் 50 கோடி டாலர் கேட்டு கேஸ் போட்டார். அந்த ஆகஸ்ட்ல அயோவாவுல பிரஸ் மீட்ல யூனிவிஷனோட நியூஸ் ஆங்கர் ஹோர்ஹே ராமோஸ் எழுந்து கேள்வி கேட்டப்போ 'யூனிவிஷனுக்கே திரும்பிப் போ'ன்னு சொல்லி வெளிய தள்ளினாங்க. அப்புறம் 2022ல மெக்சிகோவோட டெலிவிசா கூட கம்பெனி இணைஞ்சுது, 2023 நவம்பர்ல மார்-அ-லாகோங்கற அவரோட வீட்டுல ட்ரம்பை உட்கார வச்சு எடுத்த பேட்டி ரொம்ப மென்மையா போச்சுன்னு பெரிய சண்டை, லியோன் கிராவ்சே மாதிரி ஆங்கருங்க விலகினாங்க, 2024 கடைசில ராமோஸும் கிளம்பிட்டார். இதனால தான் ட்ரம்புக்கு ஓட்டு போச்சுன்னு சிலர் சொல்றாங்க, நான் அதை நம்பல. லத்தீனோக்கள்ல 54 சதவீதம் பேர் நியூஸை பெரும்பாலும் இங்கிலீஷ்ல தான் பார்க்கறாங்க, பெரும்பாலும் ஸ்பானிஷ்ல மட்டும் பார்க்கறவங்க 21 சதவீதம் தான். பாதிக்கு மேல பேர் கைல வாட்ஸ்அப் இருக்கு, நியூஸ் இப்போ மாமா ஃபார்வர்ட்ல வருது. ஒரு பேட்டியால கவுக்கற அளவுக்கு அந்த சேனலுக்கு இப்போ பிடி இல்ல.

நம்பரையும் சொல்லிடறேன். 2024ல ஓட்டுரிமை இருந்த லத்தீனோக்கள் 3 கோடியே 62 லட்சம். பியூ கணக்குப்படி அதுல ஓட்டுப் போட்டவங்கள்ல ஹாரிஸுக்கு 51 சதவீதம், ட்ரம்புக்கு 48. நாலு வருஷம் முன்னாடி பைடனுக்கும் ட்ரம்புக்கும் 20 புள்ளிக்கு மேல இடைவெளி இருந்த அதே கூட்டம். ஆனா பேச்சு எல்லாம் இந்த 51ஐயும் 48ஐயும் பத்தியே இருக்கு, வராதவங்களைப் பத்தி யாரும் பேசறதில்ல. வாக்குப்பதிவு ரொம்ப அதிகம்னு சொன்ன 2020லயே ஓட்டுரிமை இருந்த லத்தீனோக்கள்ல வந்தது 53.7 சதவீதம், வெள்ளைக்காரங்கள்ல 70.9. அந்த இடைவெளில இருக்கறவங்களை டெமாக்ரட், ரிபப்ளிகன் ரெண்டு பேருமே ஃபோன் பண்ணி கூட கூப்பிடறதில்ல, ஏன்னா பழைய லிஸ்ட்ல 'ஓட்டுப் போடாதவர்'னு இருக்கும், போடாதவருக்கு எதுக்கு செலவுன்னு விட்டுடுவாங்க, விட்டதால அடுத்த தடவையும் போட மாட்டாங்க. அவங்களுக்கு தேதியும் இடமும் சொல்ற ஒரே ஆளு இன்னும் சில ஊர்ல ஆறு மணி ஸ்பானிஷ் உள்ளூர் நியூஸ் தான்.